கைக்கெட்டும் தூரத்து மான்

1

இந்தக் கதை, நான் நிப் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. மதுரை மேலமாசி வீதியில் கடிகாரம், பேனா, தூண்டில், துப்பாக்கி நான்கையும் ஒரே கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கும் கடை. 1936, தை மாதம். எனக்கு முன்னால் நின்றவர் மான் வேட்டைக்கு ரிவால்வர் கேட்டார். கடைக்காரர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். நான் நிப்பை மறந்து வீடு திரும்பிவிட்டேன். ஆகவே இதைப் பென்சிலால் எழுதுகிறேன். அழிக்க வசதி.

[முதல் வரியாகப் ‘பொழுது புலர்ந்தது’ என்று எழுதினேன். எல்லார் கதையிலும் புலர்ந்துவிட்டதால் அடித்துவிட்டேன்.]

2

அவருக்குச் சிவசங்கரன் என்று பெயர் வைக்கிறேன். வக்கீல். கறுப்புக் கோட்டு தைத்து இரண்டு வருஷமாகியும் கட்சிக்காரர் எவரும் வந்தபாடில்லை. பேரையூர்ப் பக்கத்துப் பண்ணையார் கண்ணுச்சாமி தம் வழக்குகளையெல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் தம்மோடு வேட்டைக்கு வராத ஆளை அவர் நம்புவதில்லை. துப்பாக்கி லைசென்சுக்குக்கூட அவரே சொல்லிவைத்தார்.

“கத்திரிக்காய்ப் புழுவைக் கொல்லாம கொல்லையில விட்டுட்டு வரவர்,” என்றாள் மனைவி பட்டு. “மான் வேட்டைக்குப் போறாராம்.”

“போகலைன்னா கத்திரிக்காயும் கிடையாது, பட்டு.”

3

கடைக்காரர் பசுபதி ரைபிளை எடுத்து நீட்டினார். “மானுக்கு இதாங்கய்யா. எம்புட்டு தூரத்துலயும் பேசும்.”

“அந்தச் சின்னது?”

“ரிவால்வருங்களா? அதவச்சு மானைச் சுடணும்னா, மான் உங்க கையில வந்து புல்லுத் திங்கணும்.”

“அதையே கொடுங்கள்,” என்றார் சிவசங்கரன்.

வேட்டைக்குப் போன பேரும் வேண்டும், கொன்ற பாவமும் கூடாது. இவ்வளவு நிம்மதியாக அவர் எதையும் வாங்கியதில்லை.

[இப்படி ஒரு வக்கீல் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். ரைபிளை வாங்கி வேண்டுமென்றே குறி தப்பினால் போதாதா என்று அவரையே கேட்டேன். தப்பித்தவறிப் பட்டுவிடும் என்றார்.]

4

மலையடிவாரத்தில் புள்ளிமான் கூட்டம் தெரிந்தது. பண்ணையார் சுட்டார். ஒரு மான் விழுந்தது. தொடையெலும்பு உடைந்திருந்தது; உயிர் போகவில்லை.

பண்ணையாரின் வேட்டையில் ஒரு முறை உண்டு. விழுந்த மானைத் தூரத்திலிருந்து மறுபடி சுடக்கூடாது. யாராவது கிட்டப் போய்த்தான் முடிக்க வேண்டும். வழக்கமாக அவருடைய ஆள் முத்திருளன் கத்தியோடு போவான்.

முத்திருளன் கத்தியை உருவினான். பண்ணையார் கையமர்த்தினார்.

“இருடா. வக்கீலய்யா அதுக்குன்னே சின்னதா ஒண்ணு கொண்டாந்திருக்காரு. ரைபிள் கொண்டாரவுக எல்லாம் சுடத்தான் வாராக. முடிச்சுவைக்கணும்னு நெனச்சு வந்தது இவுக ஒருத்தருதான்.”

அந்தக் குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது. சிவசங்கரன் நடந்தார். மான் அவரைப் பார்த்தது. அதன் வாயோரம் மென்று முடிக்காத புல் ஒட்டியிருந்தது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் வானத்தை நோக்கிச் சுடுகிறார், மான் எழுந்து ஓடு... ஓடாது. தொடையெலும்பு உடைந்ததாக எழுதியிருக்கிறேன். பென்சில்தானே என்று அந்த வரியை அழித்தேன். தாளில் தடம் போகவில்லை.

ரிவால்வரை வீசிவிட்டு மதுரைக்கு நடக்கிறார். வழக்குகள் போகும், மனசாட்சி மிஞ்சும். மானும் மிஞ்சும், அரை உயிரோடு.

கடைசி வரியை எழுதாமல் விட்டால் கதைக்கு ஆழம் வரும் என்று எங்கள் காலேஜில் ஓர் அபிப்பிராயம். விட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது மான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சிவசங்கரன் மண்டியிட்டு, ரிவால்வரை அதன் காதுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கண்ணை மூடவில்லை. அவரையும் அந்த ரிவால்வரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்; என் பென்சில் ஓட மறுக்கிறது. ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

உங்களிடம் நல்ல நிப் இருக்கும். எழுதுங்கள். சீக்கிரம்.