காராமணி மூட்டை

தலைநகர் பமாக்கோவில் பேருந்தை விட்டு இறங்கியதும் தெனின் ஜாரா முதலில் செய்த காரியம் பொய் சொன்னதுதான். கிளம்பும்போது கொழுந்தன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "அண்ணி, அங்க குலப்பேரச் சொன்னா சொந்தம்னு ஒட்டிக்கிட்டு உருவிருவானுக. வாயத் தொறக்காதீங்க." அதனால், டாக்சிக்காரன் "எந்த வீட்டுப் பொண்ணுக்கா நீ?" என்று கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"திராவோரே."

அவன் ஓங்கி ஹாரனை அடித்தான். "போச்சுடா! காராமணி தின்னியவா ஏத்தினேன்? நான் பாகரி ஜாரா. கண்ணாடிய எறக்குக்கா, வண்டி நாறிரும்!"

தெனினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜாரா குலத்துக்கும் திராவோரே குலத்துக்கும் கேலிமுறை. சாவு வீட்டில் பார்த்தால்கூடத் திட்டாமல் போனால்தான் கோபம். ஊரில் திராவோரேக்களைக் 'காராமணி தின்னி' என்று ஓட ஓட விரட்டியவள் அவள். இப்போது சொந்தக் குலத்தானே அவளை வாருகிறான். போதாததற்கு மடியில் ஒரு மூட்டை காராமணி. மகள் ஃபாந்தாவுக்கு அது உயிர். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார்களாம். மலைமேல் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறாள். இருட்டுவதற்குள் போகாவிட்டால் வாசலை அடைத்துவிடுவார்கள், இன்னொரு ராத்திரியும் அவள் அம்மா முகம் பார்க்காமல் கிடப்பாள்.

"ஜாராதான் எங்க குதிருக்குள்ள தலைய விட்டு மாட்டிக்கிட்டவன்" என்று தெனின் தன் குலத்தையே திட்டினாள். அப்பா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பாலம் வந்தது. இத்தனை மோட்டார் சைக்கிள்களை அவள் பார்த்ததில்லை. பளபளக்கும் நீல அங்கியில் ஒருத்தி, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவே ராணி மாதிரி புகுந்து போனாள். கீழே ஜோலிபா ஆறு, தன் ஊர் செகுவில் அவள் துணி துவைக்கும் அதே ஆறு, மாலை வெயிலில் தகதகவென்று கிடந்தது.

"இந்தத் தண்ணிதான் எங்க ஊருக்கு வருதா?"

"ஆமா, நாங்க கால் கழுவினப்புறம்."

கவலையை மறந்து சிரித்துவிட்டாள். இந்த ஊர் பிடித்துப் போயிற்று. பொய் சொல்லி உள்ளே வந்தது மட்டும் உறுத்தியது.

மலையேறிச் சேர்ந்தபோது வாசல் அடைத்திருந்தது. பாகரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். கம்பிக்குப் பின்னால் காவலாளிக் கிழவர், "காலையில வாங்க" என்றார்.

"பெத்தவய்யா நான். பிள்ள பெத்துக் கெடக்கா எம் பொண்ணு."

"எல்லாரும் பெத்தவதான். அடையாள அட்டை இருக்கா?"

இடுப்புத் துணியிலிருந்து எடுத்து நீட்டினாள். கிழவர் உரக்கப் படித்தார். "தெனின்... ஜாரா."

பாகரி மெல்லத் திரும்பினான். "ஜாராவா? எங்க குலமா?"

"பயந்துட்டேன் தம்பி."

"வழி பூரா எங்கப்பனையே என்னைத் திட்ட வச்சுட்டியேக்கா!" அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

கிழவர் சிரிக்கவில்லை. "மூட்டையில என்ன?"

"காராமணி."

"நான் சூமானா திராவோரே." அவர் நிதானமாகப் பூட்டைத் திறந்தார். "ரெண்டு ஜாரா, ஒரு மூட்டை காராமணி, அதுவும் என் வாசல்ல! தின்னிப் பயலுக. உள்ள விட்டா ஆஸ்பத்திரி தாங்குமா?"

தெனினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன் வாய் முந்திக்கொண்டது. "யாருய்யா தின்னி? ஒங்கிட்ட மூட்டையக் குடுத்தா படியேறுறதுக்குள்ள பாதியக் காலி பண்ணிருவ, காராமணி தின்னி!"

மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. "அம்மா?"

கிழவர் அதற்குள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஜாராக்களின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். மூட்டையின் கிழிசல் வழியே காராமணி ஒவ்வொன்றாகப் படியில் விழுந்து உருண்டது.