தானாக நிரம்பிய படை

எங்கள் மெத்தைக் கடைக்குள் வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதுமே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று நாங்கள் போர்டு எதுவும் மாட்டவில்லை. இத்தனை படுக்கைகள் விரித்துக் கிடக்கிற இடத்தில் சத்தம் போட மனுஷனுக்கு மனசு வராது போலிருக்கிறது. நான் அங்கே விற்பனைப் பகுதியில் மூத்தவள். மல்லாந்து படுப்பீர்களா ஒருக்களித்தா, இடுப்பு வலி உண்டா, பக்கத்தில் படுப்பவர் புரளுகிற ரகமா என்று கேட்டு, ஆளைக் கொண்டுபோய் அவருக்கென்று செய்த மாதிரி ஒரு மெத்தையில் கிடத்திவிடுவேன். பாதிப் பேர் படுத்த கையோடு தூங்கிவிடுவார்கள்.

மதியத்தில் ஜன்னல் திரை வழியே வெளிச்சம் பால் கலந்தது போல விழும். முன்பின் தெரியாதவர்கள் ஆளுக்கொரு படுக்கையில் வாயைப் பிளந்து தூங்க, நான் நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பேன். போன் திரையில் அந்தப் படுக்கைகளுக்கு மேலே விளையாட்டு மிருகங்கள் மிதந்துகொண்டிருக்கும். போர்வைகள் அடுக்கிய மூலையில் வால் எரியும் பல்லி ஒன்று. ஏசிக்குக் கீழே வெள்ளை மூச்சு விடும் நரி. தூங்குகிறவரின் வயிற்றின் மேல் நீலக் கோழி ஒன்று நின்று அவர் மூச்சோடு ஏறி இறங்கும். யாருடைய கனவுக்குள் யார் நிற்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்கே குழம்பிவிடும்.

இந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தவள் என் மகள். ஒரே மகள். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு 'வாலு' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. வெளியூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் நிறம் பொருத்தும் வேலை கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் போனைப் பிடுங்கினாள்.

"எதுக்குடி எனக்கு இதெல்லாம்?"

"பேச ஒண்ணும் இல்லாத நாள்ல இத விளையாடலாம்மா. இல்லன்னா நீ சாப்பிட்டியான்னு கேப்ப, நான் சாப்பிட்டேன்னு சொல்லுவேன், அதோட போன வச்சிடுவோம்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் இரண்டு பேருக்கும் போனில் பேச வராது. எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும், அவளுக்கு மௌனம். ஆனால் சாயங்காலமானால் கடைக்கு எதிரே உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் திரையில் ஒரு பெரிய மிருகம் வந்து உட்காரும். வானத்தையே அடைத்துக்கொண்டு உட்காரும். தனி ஆளாக அதை அசைக்க முடியாது. வெளியூரில் இருப்பவரையும் சண்டைக்குச் சேர்த்துக்கொள்கிற தூரத்து அழைப்பை நான் அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் வாலுவின் பொம்மை உருவம் காத்திருப்பு அறைக்குள் வந்து நிற்கும். அவள் பிடித்து வைத்த ஆறு மிருகங்களும் நான் பிடித்த ஆறும் பெரிய மிருகத்துக்கு எதிரே ஒன்றாக வரிசை கட்டும். எங்கேயோ ஒரு ஊரில் என் பெண் இந்த நிமிஷம் என்னோடு இருக்கிறாள் என்பதற்கு எனக்கு அது போதும். உண்மையைச் சொன்னால், எனக்கு இருந்ததே அது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அவளிடம் நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. பார்க்க லட்சணமாக இருப்பவர்களை எல்லாம் சண்டைக்கு அனுப்பினேன்.

"அம்மா, நெருப்புக்கு முன்னாடி போய் இலைய நிறுத்துறியே! கொளுத்திடாது?"

"பாவம்டி, பச்சையா அழகா இருக்கு."

"அழகா இருக்கறவங்கள வீட்ல வச்சுக்கோ. நெருப்புக்குத் தண்ணி. தண்ணிக்கு இலை. இலைக்கு நெருப்பு. பறக்குற பாம்புக்குப் பனி. மனசுல ஏத்திக்கோ."

ஏற்றிக்கொண்டேன். அப்புறம்தான் அதன் உள்விவகாரம் புரிந்தது. உடம்பு தண்ணீராக இருந்தால் மட்டும் போதாது, அது அடிக்கிற அடியும் தண்ணீராக இருக்க வேண்டும். சிலது மீனாகப் பிறந்து கல்லைத் தூக்கி எறியும். அப்படிப்பட்டதை நம்பிப் போனால் நடுச்சண்டையில் கையை விரித்துவிடும். நன்றாக அடிக்கிறவர்கள் பெரும்பாலும் நோஞ்சான்கள். சீக்கிரம் விழுவார்கள், ஆனால் விழுவதற்குள் எதிரியைப் பாதியாக்கிவிடுவார்கள். விளையாட்டு அவற்றுக்கு வைத்த பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே பேர் வைத்தேன். நரிக்குச் சில்லி, பல்லிக்குத் தணல். எப்போதும் தூங்கிவழியும் ஒரு தடித்த உருண்டைக்கு மொத்தை. மொத்தை அடிக்காது. எவ்வளவு அடித்தாலும் வாங்கிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

ஆளுக்குத் தேர்ந்தெடுக்கச் சோம்பலாக இருந்தால் விளையாட்டே ஒரு படையை நிரப்பி நீட்டும். அதில் மொத்தைதான் முதலில் நிற்கும். சீக்கிரம் செத்துவிடாதவர்களாகப் பார்த்து அடுக்கும், அடிக்கத் தெரியுமா என்று பார்க்காது. அந்தப் படையோடு வருகிறவர்களைக் கண்டால் வாலுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மொத்தையோட வர்றவங்கல்லாம் மனுஷங்களே இல்லம்மா" என்பாள். அவளே தன் ஆறு பேரையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவாள். எதிரி பாறையா, அதோடு நெருப்பும் கலந்திருக்கிறதா என்று யோசித்து, யார் முன்னால், யார் கடைசியில் என்று கடைசி நொடிவரை மாற்றுவாள். ஒரு துண்டுத் துணியைப் பார்த்து அதே நிறத்தில் சுவருக்குச் சாயம் கலக்கிற கண்ணல்லவா.

அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நான் திடுக்கிட்டது ஒரு மழைச் சாயங்காலத்தில். தொட்டியின் மேல் எரிமலை மாடு நின்றது. நெருப்பும் பாறையும் சேர்ந்த உடம்பு. தண்ணீர் பட்டால் இரட்டை அடி. குழந்தைகூடத் தப்புப் பண்ணாது. வாலு உள்ளே வந்தாள். அவள் வரிசையில் முதலில் மொத்தை. பின்னால் ஒரு இலை, இன்னொரு இலை, ஒரு பஞ்சுப் பறவை. நான் மாற்றுவாள் மாற்றுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மாற்றவில்லை. சண்டை ஆரம்பித்து, அவளுடைய ஆறும் வரிசையாக எரிந்து விழுந்தன.

ஏதோ அவசரம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே, அடுத்து வந்த வாரங்களிலும் அப்படியே. அப்புறம் ஒரு நாள் பறக்கும் பாம்பு வந்தது. வேண்டுமென்றே முன்கூட்டியே செய்தி போட்டேன், 'பனி கொண்டு வா' என்று. 'ம்' என்று பதில் வந்தது. மொத்தைதான் வந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது என் பெண் இல்லை. அவள் போன் வேறு யார் கையிலோ இருக்கிறது. அம்மா கூப்பிட்டால், "நீ பாத்துக்கோ" என்று இவள் போனை எவனிடமோ நீட்டிவிட்டு ஊர் சுற்றுகிறாள். அவன் ஒன்றும் தெரியாத தத்தி, விளையாட்டு நீட்டியதை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிறான். எனக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. காதலிக்கிறாள் என்பதற்குக்கூட இல்லை. என்னுடைய அந்த ஒரு சாயங்காலத்தை இன்னொருத்தனிடம் தள்ளிவிட்டாளே என்பதற்குத்தான்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். எதற்கும் பதறாதவர். அவரிடம் கொட்டினேன்.

"நெருப்பு மாட்டுக்கு இலைய அனுப்புறாங்க. அது நம்ம பொண்ணு இல்லங்க."

அவர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "போன் பண்ணிக் கேளேன்."

"கேட்டேன். நல்லா இருக்கேன்னு சொல்றா."

"அப்ப நேர்ல போயி யாருன்னு பாத்துட்டு வா. மாடு, இலைன்னு என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

அன்று தொட்டியின் மேல் மிருகம் வந்து உட்கார்ந்தபோது நான் அழைப்பு அனுப்பவில்லை. அந்தத் தத்தி கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும் என்று போனைத் தலையணைகளுக்கு நடுவில் போட்டுவிட்டு வாடிக்கையாளரைக் கவனித்தேன். கடைக்கு லீவு சொல்லி, மறுநாள் காலை ரயில் ஏறினேன்.

ஜன்னலோர இருக்கை. அவனிடம் என்னென்ன கேட்பது என்று வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கை சும்மா இருக்காமல் போனைத் திறந்தது. தண்ணீருக்கு மேலே வெள்ளி மீன்கள் கூட்டமாக ரயிலோடு பறந்து வந்தன. பாலம் முடிந்ததும் கரைந்துபோயின. தொழிற்சாலைக் கூரைகள் மேல் கல் ஆமைகள் அசையாமல் வெயில் காய்ந்தன. நான் எதையும் பிடித்துச் சேர்க்கவில்லை. பாதித் தூக்கத்தில், அவை எல்லாம் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருவது போலவும், நான் காது கொடுக்காமல் போய்க்கொண்டே இருப்பது போலவும் இருந்தது.

வாலுவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். கதவைத் தட்டினேன். திறக்க வெகு நேரமாயிற்று. திறந்தவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. சட்டையின் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன்.

"யாரும்மா வேணும்?"

"எங்கடி அவன்?"

"எவன்?"

"உன் போன வச்சு விளையாடறவன். பனி இறக்க வேண்டிய இடத்துல மொத்தைய இறக்கினவன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மலிவான மெத்தை, ஒரே இடத்தில் ஆள் கிடந்து கிடந்து நடுவில் குழி விழுந்திருந்தது. ஒரு மெத்தை இந்தக் கொஞ்ச மாதத்தில் இப்படிக் குழிய வேண்டுமானால் அதில் பகலெல்லாம் படுத்திருக்க வேண்டும். அது என் தொழில், எனக்குத் தெரியும். அப்போதுதான் அறையை ஒழுங்காகப் பார்த்தேன். மூடிய திரை. தரையில் நிற அட்டைகள் விசிறியாகச் சிதறி, அவற்றின் மேல் தூசி. ஜன்னல் திட்டில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம்.

"நான்தாம்மா விளையாடினேன்" என்றாள்.

"நீயா? நீ மொத்தையோட வருவியா?"

"அது தானா வந்துச்சு. நான் மாத்தல."

"ஏன்?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத எடுக்கறதுன்னு தெரியலம்மா. ஒவ்வொண்ணா பாப்பேன். எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆபீஸ்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. வெள்ளைல எத்தன வெள்ள இருக்கு, எனக்குத் தெரியாததா? திடீர்னு எல்லாம் ஒரே வெள்ளையாயிடுச்சு. அப்புறம் காலைல ரெண்டு சட்டையக் கைல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எதப் போடறதுன்னு தெரியாது. மதியம் ஆயிடும். ஆபீசுக்குப் போயே ரொம்ப நாளாச்சு. அவங்களும் கூப்பிடறத நிறுத்திட்டாங்க."

வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. எவனாவது ஒருவன் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒரு தத்தி, ஒரு தடியன், யாராவது. கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை இழுத்துப் போட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் பெண் இங்கே தனியாக அல்லவா கிடந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னியேடி."

"வேற என்ன சொல்றதுன்னும் தெரியல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழி எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகச் சரித்தது. திரையின் ஓரத்தில் நுழைந்த வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. அவள் தலை என் தோளில் பட்டும் படாமலும் நின்றது. எழுந்திரு, குளி, நாளைக்கு டாக்டரிடம் போகலாம், வீட்டுக்கு வா என்று என் வாய் நிறைய உத்தரவுகள். அவற்றை விழுங்கிக்கொண்டு, புரியாத ஒன்றை மட்டும் கேட்டேன்.

"எதையும் எடுக்க முடியலங்கற. அப்புறம் எப்படித் தினமும் சண்டைக்கு வந்த?"

"நீ கூப்பிட்டியே" என்றாள். "ஒரு பட்டன்தான. அத அழுத்த முடிஞ்சுது. சாயங்காலம் ஆனா அம்மா கூப்பிடுவான்னு அதுக்கு முன்னாடியே எழுந்து போனுக்குச் சார்ஜ் போடுவேன். அப்படியே மூஞ்சியக் கழுவிக்குவேன். அன்னைக்கு எழுந்திருக்கறது அது ஒண்ணுக்குத்தான்."

நான் அவள் சட்டைப் பொத்தானைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டேன். அவளே, குறையாக இல்லாமல், வெறுமனே நடந்ததைச் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"நேத்து நீ கூப்பிடலம்மா."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். வளர்ந்த பெண், கால்கள் கட்டிலை விட்டு வெளியே நீண்டன. நேற்று நான் ஏன் கூப்பிடவில்லை என்பதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? அந்தச் சாயங்காலம் முழுக்க என் போன் தலையணைகளுக்கு நடுவில் கிடந்தது. இவள் முகத்தைக் கழுவிவிட்டு இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு நேர்லயே வந்துட்டேன்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.