ரொட்டிக்கு ஒரு சம்பளம், சோற்றுக்கு ஒரு சம்பளம்

மார்ச் மாதத்து மூடுபனியில் ஹாங்காங் துறைமுகமே காணாமல் போயிருந்தது. கௌலூனிலிருந்து புறப்பட்ட படகு நகர்கிறதா நிற்கிறதா என்று எட்முண்டோ பராதாஸுக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. வேறெங்கோ இன்னொன்று, தூக்கத்தில் பதில் சொல்வதுபோல ஊதியது.

அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் அவனுக்கும் லோ காம்டோவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சேர்ந்தது ஒரே வருஷம், பார்ப்பதும் ஒரே வேலை. எட்முண்டோ மக்காவ் போர்த்துக்கீசியன், காம்டோ சீனன். தணிக்கைக்காரர்களுக்கு எது நியாயமான சம்பளம் என்று தீர்மானிக்க லண்டனிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அன்று எட்முண்டோவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கிளம்பும்போதே மனைவி டெல்ஃபீனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நமக்குச் செலவு ஜாஸ்தின்னு அடிச்சுச் சொல்லுங்க. ரொட்டி, வெண்ணெய், பூட்ஸு... போர்த்துக்கீசியருக்குத் தனிச் சம்பளம் போடப் போறாங்களாம். பொண்ணுக்குப் பியானோ வாங்கிடலாம்."

படகில் காம்டோ எட்முண்டோவின் தொப்பியைச் சுண்டினான். "என்னய்யா, பியானோ கனவா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"உன் பொண்டாட்டி என் பொண்டாட்டிகிட்ட சொல்லாம இருப்பாளா? வாங்கு, வாங்கு. ஜன்னலுக்கு வெளிய நின்னு ஓசியில கேட்டுக்கறேன்."

கிண்டலா, குத்தலா? பனியில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

குழு உட்கார்ந்திருந்த அறையின் சுவர்கள் வியர்த்து வழிந்தன. தலைவர் கனிவாகத்தான் கேட்டார். "உங்க ஆட்கள் ரொட்டி சாப்பிடறவங்க. சீனக்காரங்களுக்குச் சோறு போதும். அதனால உங்களுக்குக் கூடுதலா வேணும், அப்படித்தானே?"

'ஆமாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நிமிஷம் அறையும் படகுபோல மெல்ல மிதக்கத் தொடங்கியது. முந்தின ராத்திரி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்முன் வந்தது. ஆவி பறக்கும் சோறு, மேலே கொத்திறைச்சி, பொரித்த முட்டை. காம்டோவின் பையனும் தன் பெண்ணும் முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நானும் சோறுதான் சார் சாப்பிடறேன்," என்றான்.

தலைவரின் பேனா நின்றது. "இதுல நஷ்டம் உங்களுக்குத்தான். தெரியுதா?"

"தெரியுது சார். ஆனா ரெண்டு பேரும் பாக்கறது ஒரே வேலை. வயித்தப் பாத்தா சம்பளம் போடுவீங்க?"

வெளியே வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தான்.

இலையுதிர் காலத்தில் உத்தரவு வந்தது. உள்ளூர்த் தணிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சம்பளம். எட்முண்டோவுக்கு ஏறக்குறைய பழையதே. காம்டோவுக்கு நல்ல உயர்வு. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் சம்பளம் மலையுச்சியில் அவர்கள் பங்களாக்கள் இருந்ததுபோலவே எட்டாத உயரத்தில் இருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி டெல்ஃபீனா, "சோறு திங்கிறவருக்குப் பியானோ ஒரு கேடா?" என்று தட்டை நங்கென்று வைத்தாள். ஆனால் சோற்றை அள்ளித்தான் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் காம்டோ எட்முண்டோவைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப்போய், ஆவியில் வெந்த முழு மீன் ஒன்றை வரவழைத்தான். மீனிலேயே ருசியான பாகமான கன்னத்துச் சதையைக் குச்சிகளால் பக்குவமாக எடுத்து எட்முண்டோவின் கிண்ணத்தில் வைத்தான்.

"முள்ளு இருக்கப் போவுது. பாத்துத் தின்னு," என்றான்.