எல்கடுவ விமானம்

நளீம் ஹாஜியார் தன் கைத்தொலைபேசியை மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, மறுமுனையில் தங்கை பர்ஸானாவுக்குக் கேட்கிறதா என்று மறுபடியும் விசாரித்தார். கேட்டது. அவள் கணவர் மக்கீன் மாஸ்டர் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம், மண்டபத்துக்கு வர முடியாது. ஆனால் அவருடைய நினைவுக் கூட்டத்தை ஒரு சொல் விடாமல் கேட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எத்தின பேரு வந்தீக்கி, நானா?" என்று அவள் அண்ணனிடம் கேட்டபோது, காற்று வாங்கிக்கொண்டிருந்த நாற்காலிகளை ஹாஜியார் ஒரு தடவை பார்த்துவிட்டு, வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார்.

அவள் கவலையில் நியாயம் இருந்தது. மக்கீன் மாஸ்டர் பாடசாலையில் புவியியல் படிப்பித்தார். மிச்ச நேரமெல்லாம் யுத்த விமானங்களின் சரித்திரம். இரண்டாம் உலகப் போரில் இலங்கை வானத்தில் எந்த விமானம் எங்கே கிளம்பி எங்கே விழுந்தது என்று அவர் எழுதினால், இங்கிலாந்திலும் ஜப்பானிலும் எடுத்து வைத்துப் படித்தார்கள். சொந்த ஊரான மாத்தளையில் ஒருவரும் படிக்கவில்லை. குடும்பத்தில் அவருக்குப் 'பிளேன் மக்கீன்' என்று பெயர். வைத்தவர் நளீம் ஹாஜியார்தான். தன்னோடு சேர்ந்து மிளகும் கராம்பும் விற்றிருந்தால் மச்சான் எங்கேயோ போயிருப்பார் என்று ஒவ்வொரு பெருநாள் சாப்பாட்டிலும் சொல்வார். பர்ஸானா வாயைத் திறக்காமல் வட்டிலப்பத்தை வெட்டி வைப்பாள். இந்த ஊர் தன் கணவரை மெச்சுவதை ஒரு நாளாவது காதால் கேட்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை.

அதற்குத் தோதாக ஒரு குண்டையும் அண்ணன் கையில் கொடுத்திருந்தாள். ஆறேழு வருடங்களுக்கு முன் ஒரு காலை, எல்கடுவப் பக்கமிருந்து சிலர் வந்து, தங்கள் தேயிலைத் தோட்டத்தில் விமானம் ஒன்று சரிந்து கிடக்கிறது என்றார்களாம். மிச்சத்தைக் கேட்க மாஸ்டர் நிற்கவில்லை. ஊற்றி வைத்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு, கமராவையும் அளவு நாடாவையும் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அதன்பிறகு மாதக்கணக்கில் ஞாயிறுதோறும் போய் வந்தார். கேட்டால், "நல்ல விமானம். ஆனா அதப்பத்தி எழுதேலாது" என்பாராம். பர்ஸானா அதை அரசாங்க இரகசியம் என்று பிடித்துக்கொண்டாள். அன்று தொட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது அவரே போய்விட்டார், இனி என்ன பயம், நானா சபையில் சொல்லட்டும் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. உறவுக்காரர் சிலர், பழைய ஆசிரியர் சிலர், பின்வரிசையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் போலக் குடையும் கையுமாகத் தோட்டத்து ஆட்கள் ஐந்தாறு பேர். இவ்வளவுதான் சபை. கொழும்பிலிருந்து விமான வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் விஜேந்திரன் மட்டும் சொன்னபடி வந்திருந்தார். மாஸ்டருக்காகச் சிறப்பிதழ் கொண்டுவரப் போகிறார். நிரூபிக்க முடியாத ஒரு வரியை மக்கீன் எழுதியதே இல்லை, அவருக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் அதனால்தான் என்று பேசினார். ஹாஜியார் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் முறை வந்ததும் எழுந்து தொண்டையைச் செருமி, யாருக்கும் தெரியாத யுத்த விமானம் ஒன்றை எல்கடுவ மலையில் தன் மச்சான் கண்டுபிடித்திருந்தார் என்று போட்டு உடைத்தார்.

விஜேந்திரனின் முகம் மாறியது. எந்த நாட்டு விமானம், என்ன ரகம், ஆதாரம் எங்கே என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் ஒன்றும் விழவில்லை என்று மக்கீனே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார் என்றார். இதைச் சிறப்பிதழில் போட்டால் மக்கீனின் பெயரே கெட்டுப்போகும் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஒலிவாங்கிதான் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. மச்சானை ஊர் மெச்ச வைக்க வந்தவர் அவரைப் பொய்யராக்கி வைத்திருந்தார், அதுவும் தங்கையின் காது கேட்க.

பின்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எல்கடுவத் தோட்டத்துக் கோயில் தலைவர் அழகையா என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"இருக்குங்க ஐயா. எங்க விமானம் இன்னும் அங்கதான் இருக்கு."

விஜேந்திரன் பேனாவை எடுத்தார். பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"மூணு தட்டுங்க. நாலு மூலைக்கும் சிங்கம். உச்சியில கலசம்."

சபை திருதிருவென்று விழித்தது. பிறகு பழைய ஆசிரியர் ஒருவர் களுக்கென்று சிரிக்க, குட்டு வெளிப்பட்டது. கருவறைக்கு மேலே எழும்பி நிற்கிற விமானத்தைத்தான் தோட்டத்தார் சொல்லியிருக்கிறார்கள். அழகையா சொல்லச் சொல்ல மிச்சமும் விளங்கியது. பத்திரிகையில் 'விமான ஆய்வாளர்' என்று பார்த்துவிட்டு ஆளைத் தேடிப் பிடித்தவர்கள் அவர்கள். வானத்திலிருந்து விழுந்ததைத் தேடி மலையேறிய மாஸ்டர், மழையில் வெடித்துச் சரிந்த அம்மன் கோயில் விமானத்தின் முன்னால் கமராவோடு நின்றிருக்கிறார். கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து நாடாவை விரித்து அளக்கத் தொடங்கினாராம். நம்பி அழைத்தவர்களிடம் எனக்கு இது தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சிற்ப நூல்களைத் தேடிப் படித்தார், ஸ்தபதியைப் பிடித்தார், கும்பாபிஷேகம் வரைக்கும் கூடவே நின்றார். எழுதாமல் விட்டதற்குக் காரணம் இரகசியமல்ல, வெட்கம். ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. விஜேந்திரன் பேனாவை மூடவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் தொலைபேசி பேசியது.

"நானா, அவருக்கிட்ட கேளுங்க. இவரு மேல ஏறினாரா?"

அந்தக் கேள்வி ஹாஜியாருக்கு மட்டும்தான் விளங்கியது. விமானம் என்றால் உயிரை விடுகிற மனிதர் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்குக் கைகால் நடுங்கும். வீட்டில் பல்ப் மாற்றுவது பர்ஸானா. மக்காவுக்கு உம்ரா செய்ய அவளை விமானத்தில் அழைத்துப் போனதும் அண்ணன்தான்.

அழகையா தொலைபேசியைப் பார்த்தே பதில் சொன்னார். "ஏறினாருங்கம்மா. விமானத்தச் சுத்திச் சாரம் கட்டியிருந்தோம். கண்ண மூடிக்கிட்டு, முன்னால ஒரு ஆளு பின்னால ஒரு ஆளு புடிச்சுக்க, ஏறினாரு. கலசம் வைக்கிற எடத்துக்குப் போய்த்தான் கண்ணத் தொறந்தாரு. தொறந்து அப்புடியே மலையப் பாத்தாரு. பாத்துட்டு, புடிச்சிருந்த கைய விட்டுட்டு..."

அழகையா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினார். தோளிலிருந்த துண்டு நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"என்ன செஞ்சாரு? கேக்குதில்ல நானா. என்ன செஞ்சாரு?"

ஹாஜியார் தொலைபேசியை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டார். மற்றக் கை தானாகவே நீண்டு, விரல்கள் பிரிய, பக்கவாட்டில் விரிந்து நின்றது.