வாசகசாலைக் காற்று

சின்ன வயதில் வாசகசாலையின் மின்விசிறியைத் திருடிப் பழைய இரும்புக்கடையில் விற்ற நாளிலிருந்து ஒயர்மேனின் தலைக்கு மேல் மட்டும் காற்று வீசிக்கொண்டிருந்தது. விசிறி கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் ஒன்றாம் எண் வேகத்தில், லேசான கடகட சத்தத்தோடு வரும். கடைக்காரர் விசிறியை எப்போதோ உருக்கிவிட்டார். அந்தச் சேதி காற்றுக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ்காரர்கள் ஒரு ராத்திரி உட்காரவைத்து, சின்னப் பையன் என்று நாலு தட்டுத் தட்டி அனுப்பினார்கள். பிறகு பெண் கேட்டுப் போன இடத்தில், மாப்பிள்ளையின் முடி தானாக ஆடுவதைப் பார்த்த மாமனார் கரன்ட் செலவு மிச்சம் என்று உடனே தலையாட்டினார்.

மாமனார் காலமானபின், மகளும் மாப்பிள்ளையும் தங்கியிருந்த அவர் வீடு மச்சான் கைக்கு வந்தது. ஒண்டிக் குடித்தனம். "மாப்பிள்ளைக்கு ஓசிச் சோறு, ஓசிக் காத்து. குடுத்து வச்சவரு" என்று மச்சான் சொல்லாத நாள் கிடையாது. ஒயர்மேன் வேலைபார்த்த தொழிற்சாலையில் ராணுவத்துக்கு ஏதோ செய்தார்கள். அதன் பூட்டிய கட்டடத்துக்குள் போக அனுமதி கிடைத்தவர்களுக்குத் தனி வீடு உண்டு. அவர் மனு கொடுத்த அன்றே மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

அனுமதிக்கான விசாரணை ஜன்னல் இல்லாத அறையில் நடந்தது. அதிகாரிக்கு ஜலதோஷம்.

"முன்னாடி ஏதாவது கேஸ் உண்டா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

தலைக்கு மேல் டக்கென்று சத்தம். காற்று இரண்டுக்கு ஏறியது.

"அப்ப இந்தக் காத்து?"

"எங்க பரம்பரைக்கே அப்படித்தான் சார்."

டக். மேஜையிலிருந்த வரைபடங்கள் ஓரம் தூக்கின. அதிகாரி அவற்றின் மேல் முழங்கையை வைத்துக்கொண்டு தும்மினார்.

"போலீஸ் ஃபைல்ல இருக்கிற வாசகசாலை ஃபேன்?"

"அது வாட்ச்மேன் எடுத்தது. பாவம் குடும்பஸ்தன், அவருக்காக நான் ஸ்டேஷன்ல போய் உக்காந்தேன்."

வாட்ச்மேன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மறுப்புச் சொல்ல வரமாட்டான் என்ற தைரியம். காற்று நாலில் நிற்காமல் நேரே ஐந்துக்குப் போனது. யாரும் பார்க்கக்கூடாத படங்கள் அறையெங்கும் பறந்தன. ஒன்று அதிகாரியின் முகத்திலேயே வந்து ஒட்டியது. அவர் அதை உரித்தெடுத்தார்.

"திருடினது மீசை முளைக்காத பய. அவனை நாங்க எப்பவோ மன்னிச்சாச்சு. இப்ப செத்தவன் தலையில பழியைப் போட்டது யாரு? எதிர்ல உக்காந்திருக்கிற முழு ஆளு. இன்னைக்கு என்கிட்ட செத்தவன் பேரை விக்கிறவன் நாளைக்கு எவன்கிட்ட எதை விப்பான்? நடந்ததைச் சொல்லியிருந்தா உள்ள கொதிகலன் ரூமுக்கே போட்டிருப்பேன். அந்த வெக்கைக்கு உன்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடியிருப்பானுங்க. எந்திரி, வெளிய போ."

காற்று அதன்பின் ஐந்திலிருந்து இறங்கவேயில்லை. மனைவி சாக்கைப் பிரித்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரி அலமாரியில் வைத்தாள். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மச்சான் பேசினார்; அதற்கு அவரும் பேசாமலே இருந்திருக்கலாம்.

அந்தக் கோடையில் மின்சாரம் போனது. வீடு வெந்தது. ஒயர்மேன் கூடத்தின் நடுவில் முடி பறக்க உட்கார்ந்திருந்தார். மச்சான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருமய்யா."

ஒயர்மேன் அசையவில்லை. மச்சான் நாற்காலியை இழுத்து வந்து அவரை ஒட்டிப் போட்டார்; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.