தாலிக்கொடியில் ஒரு சைக்கிள் சாவி

என் அக்கா மேரிறோஸ் சைக்கிள் பூட்டின் சாவியைத் தன் தாலிக்கொடியில் கோத்துப் போட்டிருந்தாள். அத்தானின் சைக்கிள் அது. பாரிசுக்குப் பக்கத்தில் கார்ஜ் லே கொனெஸில் அவர்கள் இருக்கிற மூன்றாம் மாடி வீட்டின் பல்கனியில், கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். யார் கேட்டாலும் சாவி கிடையாது. தாலியில் கிடக்கிற சாவியைக் கேட்க அத்தானுக்கு வாய் வருமா என்ன?

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அத்தான் அருட்பிரகாசத்துக்குக் கண்ணில் அழுத்த நோய். பார்வை நாலாபுறமும் இருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே வைத்த தேநீர்க் கோப்பை தெரியும். பக்கத்தில் நிற்கிற மனுசி தெரியாது. குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்க்கிற மாதிரி என்பார். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை செய்கிற பலசரக்குக் கடைக்கு முன்னால், சாமான் இறக்கிக்கொண்டு நின்ற ஒரு லொறியின் திறந்த கதவில் அவர் சைக்கிளோடு போய் மோதினார். தோள்மூட்டு விலகிவிட்டது. இனி வீதியில் சைக்கிள் கூடாது என்று கண் டாக்குத்தர் சொன்னார். மிச்சப் பார்வை எவ்வளவு காலத்துக்கு என்று அக்கா கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே சாவி கழுத்துக்கு ஏறியது.

பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனுசன் சைக்கிளில்தான் திரிந்தார். ரெஸ்ரோறன்ற் சமையலறை வேலைக்கும் அதில்தான், கோயிலுக்கும் அதில்தான், என் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வருவதும் அதில்தான். பூட்டியபோது அவர் சண்டை போடவில்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. வேலையை விட்டார். கதைபேச்சை விட்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பல்கனியில் குந்தியிருந்து, எங்கும் போகாத அந்தச் சைக்கிளைத் துடைப்பார். பார்வை போகுமுன்னமே மனுசன் தன்னையே விட்டுவிடுவார் போலிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம்.

வழி கண்டுபிடித்தவள் அவர்களுடைய மகள் சுஜானி. தூரத்து மலை நகரமான கிரனோபிளில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே இசேர் ஆற்றின் அணைமேல் சரளைக்கல் போட்ட ஒரு கிறவல் பாதை ஓடுகிறது. ஒரு கரையில் சார்த்ரூஸ் மலை, மறுகரையில் பெல்தொன் மலை. கார் இல்லை, லொறி இல்லை, சந்தி இல்லை, சிக்னல் இல்லை. தான் முன்னால் மணி அடித்துக்கொண்டு போவதாகவும் அப்பா பின்னால் வரலாம் என்றும் சொன்னாள். அக்கா மூன்று கிழமை முடியாது என்றாள். நாலாம் கிழமை, அத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனதைப் பார்த்துவிட்டு, என்னைக் காட்டி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஸ்ரீபன் கடை வானைக் கொண்டு வரட்டும். நாங்கள் அவருக்குப் பின்னாலையே போவம். ஏதும் ஒண்டெண்டா உடனை ஏத்தலாம்."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எங்கள் ஆட்களில் ஒருவன் நடந்தாலும் ஓடினாலும் பின்னால் ஒரு வாகனம் சோற்றுப் பார்சலோடு போக வேண்டும். 2019 ஆனி மாதம் கடை முதலாளியிடம் வானை இரந்து வாங்கினேன். பூட்டைத் திறந்து சைக்கிளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள் அக்கா. பிறகு ஆட்டிறைச்சி ரோல்ஸ், புளிச்சாதம், தேநீர்ப் போத்தல், கட்டுப்போடும் துணி, ஒரு பிளாஸ்டிக் கதிரை எல்லாம் ஏற்றினாள். வாகனமே போகாத பாதை என்று வழிநெடுகச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டோம். எங்கள் வானும் ஒரு வாகனம்தான் என்று ஒருவருக்கும் படவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு மரத்தடை போட்டிருந்தது. சைக்கிள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி. நான் வானை நிற்பாட்டிவிட்டு அந்தத் தடையைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"இதைத் தூக்கேலாதோ?"

"அக்கா, இது எங்கடை கடைச் சட்டர் இல்லை."

சுஜானி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த பாலத்தடிக்கு வேறு வீதியால் வானில் வரலாம் என்றாள். அதுவரைக்கும் அவரை ஒருவராலும் பார்க்க முடியாது. அக்காவின் முகம் இருண்டது. ஆனால் அத்தான் ஏற்கெனவே சைக்கிளில் ஏறியிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாய் திறந்து தானாகச் சொன்னது இதுதான்: "கிறவல் நல்லது. நடுவிலை போனா ஒரு சத்தம், கரைக்குப் போனா வேறை சத்தம்."

சுஜானி மணியை அடித்துக்கொண்டு முன்னால் போனாள். அத்தான் பின்னால் போனார். நாங்கள் தடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கொஞ்சத் தூரம் நேராகப் போனவர், பாதை ஆற்றோடு வளைந்த இடத்தில் வளையவில்லை. மணி அடித்த நேரம் மகள் எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. மணி நின்ற நேரம் தெரியவில்லை. சைக்கிளோடு பற்றைக்குள் சரிந்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது கிறவலில் இருந்தார். முழங்கை உரஞ்சியிருந்தது, வேறு காயம் இல்லை. அந்தப் பக்கம் சரிந்திருந்தால் ஆறு. மலையில் பனி உருகிச் சாம்பல் நிறத்தில் அடித்துக்கொண்டு போகிற ஆறு. அக்கா காயத்தைத் துடைத்துக் கட்டினாள்.  அத்தான் சொன்னார்.

"சரி, றோஸ். வீட்டை போவம். இனிக் கேக்கமாட்டன்."

அந்த 'இனி'யை என்னால் தாங்க முடியவில்லை. நான் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றேன்.

அக்கா கையைத் தன் சுடிதாரில் துடைத்தாள். பிறகு போய் மகளின் சைக்கிளை நிமிர்த்தி, இருக்கையைத் தணிக்கச் சொன்னாள்.

"மமோ, செ பா போசிபிள், ஏலாது," என்றாள் சுஜானி. "நீங்க சைக்கிள் ஓடி எவ்வளவு காலம்."

"சண்டைக் காலத்திலை, பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்திலை ஓடினனான். இதென்ன, றோட்டிலை ஒரு குண்டும் இல்லை." அவள் அத்தானிடம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ. நான் முன்னாலை செபமாலை சொல்லிக்கொண்டு போறன். நீங்கள் மற்றப் பாதி சொல்லிக்கொண்டு வாங்கோ. என்ரை சத்தம் போற பக்கம் திருப்புங்கோ. உங்கடை சத்தம் நிண்டா நான் நிப்பன்."

கத்தோலிக்க வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செபமாலையில் வரும் மங்கள வார்த்தைச் செபத்தின் முதற்பாதியை ஒருவர் சொல்வார், மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வார்கள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர்கள் வீட்டில் பின்னேரம்தோறும் நடப்பது. முதற்பாதி அக்காவுடையது, பிற்பாதி அத்தானுடையது. மாற்றிச் சொன்னதே இல்லை. எனக்கு அது எப்போதும் அலுப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் சிகரெட் பிடிக்க இறங்கிவிடுவேன்.

அக்கா ஏறினாள். முன்சில்லு இரண்டு தரம் ஆடியது. பிறகு அவள் குரல் எழுந்தது, கோயிலில் சொல்வதைவிட உரத்து. அத்தானின் மறுமொழி பின்னால் போனது. வளைவில் அவள் குரல் வளைந்தது, அவரும் வளைந்தார். மரங்களுக்குப் பின்னால் இரண்டு பேரும் மறைந்த பிறகும் குரல்கள் மாறி மாறிக் கேட்டன.

நானும் சுஜானியும் வானில் அடுத்த பாலத்துக்கு விழுந்தடித்து வந்தோம். பாலத்தின் நடுவில் நின்று பாதையைப் பார்த்தோம். அவள் நகத்தைக் கடித்தாள்.  செபத்தில் நம்பிக்கை குறைந்த ஆள் நான். என்றாலும் அப்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தேன்.

முதலில் கேட்டது அக்காவின் குரல். பிறகு அத்தானுடையது. பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். நல்ல வேகம். அத்தானின் சட்டை காற்றில் உப்பியிருந்தது. முகத்தில் பல மாதமாக நாங்கள் காணாத ஒரு வெளிச்சம். கிட்ட வந்தபோது பார்த்தேன். அவர் கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

கத்த வாயைத் திறந்தேன். சுஜானி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளும் கண்டுவிட்டாள். கத்தினால் அவர் குழம்புவார். குழம்பினால் பக்கத்தில் ஆறு. செபம் பாலத்துக்குக் கீழால் போய், மறுபக்கத்தால் வெளியே வந்து, தூரத்தில் தேய்ந்தது. சுஜானி பாலத்துக் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள்.

பாதை முடியும் இடத்தில் அவர்கள் எங்களுக்கு முன்னரே வந்து நின்றார்கள். அத்தான் மகளோடு ஆற்றங்கரையில் போய் இருந்து ரோல்ஸ் கேட்டுச் சாப்பிட்டார். கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் அக்கா பொத்தென்று இருந்தாள்.  தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னேன்.

"அக்கா, அத்தான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ வந்தவர்."

"தெரியும்."

"எப்பிடி?"

"அவர் கண்ணை மூடிச் செபிக்கிற குரல் வேறை. அந்தப் பாலத்துக்குக் கன தூரம் முன்னமே மூடிட்டார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சுகொண்டு ஏன் நிக்கேல்லை? உனக்குப் பயமில்லையோ?"

"ஈரக்குலை நடுங்கிச்சுது." அவள் தேநீரைக் குடிக்காமல் கைக்குள் வைத்திருந்தாள். "முழுக்க இருட்டினாப் பிறகு எப்பிடியிருக்குமெண்டு பழகிப் பாக்கிறார், ஸ்ரீபன். என்னை நம்பித்தான் மூடினவர். நான் நிண்டனெண்டா, எனக்கு அந்த நம்பிக்கை இல்லையெண்டு அவருக்குத் தெரிஞ்சுபோடும். பிறகு அவர் ஆரை நம்பி எழும்புறது?"

 அவள் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுக் கொடியைக் கழற்றினாள். சாவியை எடுத்துவிட்டுத் தாலியை மறுபடி போட்டுக்கொண்டாள். எழும்பி நொண்டி நொண்டி ஆற்றங்கரைக்குப் போனாள். அத்தானுக்குப் பக்கவாட்டில் அவள் வந்தது தெரியவில்லை. அவள் குனிந்து அவருடைய கையை எடுத்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை. பெருவிரலால் ஒருதரம் தடவினார். பிறகு அந்தக் கையை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவள் நின்ற பக்கத்தில் அவள் இருக்க இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தார்.