வாலக்காவின் பத்து நாள் விடுப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வாலக்கா என்று பெயர். சேட்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சேட்டை செய்யத் தெம்பு இருந்தால் அந்த நேரத்துக்குத் தூங்கியிருப்பாள். ஊருக்குக் குடிநீர் அனுப்புகிற அலுவலகம் அது. வெளியிலிருந்து கணினிக்கு வரும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பார்த்து, உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை.

மனிதர்களுக்கு இனிஷியல் முன்னால். கோப்புக்குப் பின்னால், வால் மாதிரி. பி.டி.எஃப். என்று முடிந்தால் வெறும் கடிதம், படிக்கலாம். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது கடிதமில்லை, ஆள். தொட்டால் எழுந்து நடக்கும். கடிதம் போல வேஷம் கட்டிய ஒருத்தன் உள்ளே நுழைந்தால் போதும், பம்புகள் நின்று ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்.

நாலு வருஷத்தில் அவள் பார்த்த வேஷங்கள் கொஞ்சமல்ல. ஒன்று பூனைப் படமாக வந்தது. ஒன்று கோர்ட்டு சம்மனாக வந்தது. இன்னொன்று ‘நான் வைரஸ் இல்லை’ என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்தது; அதன் பணிவை மெச்சி அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் அழித்தாள். வாலையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய், தெருவில் எதிரே வருகிறவர்களைக்கூட அவர்கள் கடந்து போன பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் கேட்டதெல்லாம் பத்து நாள் விடுப்பு. எங்கேயும் போக அல்ல, குப்புறப் படுக்க. பதினோரு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. பெரிய பொறியாளர் பதினோரு முறையும் “பார்க்கலாம்மா” என்றார்.

ஒன்பதாம் தேதி காலை, அந்தப் பொறியாளர் பெயரிலேயே ஒரு கோப்பு வந்தது. ‘லீவ் அனெக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் பெயர். வால் பி.டி.எஃப். சுத்தமான ஒற்றை வால்.

பக்கத்து மேஜை பம்ப் ஆபரேட்டர் எட்டிப் பார்த்தான். “திறங்கக்கா! கல்லு கரைஞ்சிருக்கு.”

“அதான்டா பயமா இருக்கு.”

ஒரு சொடுக்குதான். விரல் மௌஸ் மேல் போய்விட்டது. கண்ணுக்குள் தலையணைகூட வந்துவிட்டது. அப்போதுதான் பெயருக்குப் பக்கத்தில் கோப்பின் எடை தெரிந்தது. நாற்பது எம்.பி.

அவள் வீட்டு அடுப்படி கணவரின் ராஜ்யம். டப்பாமேல் ஒட்டியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. ‘சீரகம்’ டப்பாவில் ஆணி இருக்கும். ‘கடுகு’ டப்பாவில் ஒரு தடவை மாமியாரின் பல்செட் அகப்பட்டது. அதற்குள் அந்தம்மா பதினைந்து நாள் கஞ்சியிலேயே காலம் தள்ளிவிட்டார். அந்த வீட்டில் பெயரைப் படித்து யாரும் மூடியைத் திறப்பதில்லை. தூக்கிப் பார்த்துத்தான்.

“நம்ம பெரிய சார் ஜென்மத்துல ஒரு வரிக்கு மேல எழுதினதில்ல. ஒரு வரி இவ்வளவு கனக்குமா?”

“கையெழுத்தை அழுத்திப் போட்டிருப்பாரு.”

வேறெந்தக் கணினியோடும் கம்பி சேராத மூலைக் கணினிக்கு அதை மாற்றி, பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்தாள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைத் திரை பின்னிருந்து முன்னாகக் காட்டும். உண்மை வாலான இ.எக்ஸ்.இ., ‘அனெக்ஸ்’ (Annexe) என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி மூன்று எழுத்தாகக் கலந்து நின்றது, பி.டி.எஃப். வெறும் ஒட்டு மீசை.

“பாவி, லீவுன்னு பேரு வச்சுக்கிட்டா வந்திருக்கே,” என்றாள். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

நேரே பொறியாளர் அறைக்குப் போனாள். “சார், உங்க பேர்ல ஒரு திருடன் வந்தான். எனக்கு லீவு கொடுத்த மாதிரி.”

“லீவா? அதான் போன மாசமே கொடுத்துட்டேனேம்மா. ஒண்ணாம் தேதியிலேர்ந்து பத்து நாள். நீ ஏன் தினமும் வர்றேன்னு எனக்கே புரியல. சரி, வேலைமேல பக்தின்னு விட்டுட்டேன்.”

அவர் மேஜைக் கணினியிலேயே, தான் சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்த கோப்புகளின் குவியலைக் கிளறினாள். இருந்தது. பொறியாளர் தன் கையாலேயே பெயரோடு ஒரு பி.டி.எஃப். தட்டியிருந்தார், கணினி தன் பங்குக்கு இன்னொன்று ஒட்டியிருந்தது. இரண்டு வால் என்றாலே வேஷம், போதாததற்கு நல்ல சேதி. பார்த்த மாத்திரத்தில் அதைக் குவியலுக்குள் தள்ளியவள் அவளேதான்.

“போன நாளைத் திருப்பித் தருவீங்களா சார்?”

“மெயில்ல எழுதி அனுப்பு.”

“வேண்டாம் சார். மிச்சம் எவ்வளவு?”

அவர் காலண்டரைப் பார்த்தார். “ஒன்றரை நாள். அதுவரைக்கும் வாசலை யாரும்மா பார்க்கிறது?”

“யாரையும் விடாதீங்க. உங்களையும் சேர்த்து.”

நண்பகலில் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துக் கணவர் கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்னம்மா, வேலை போயிடுச்சா?”

“லீவு.”

“உனக்கா? யாரு கொடுத்தா?”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பொறியாளருக்கே போன் போட்டார். “நிஜமாத்தாங்களா? ஒன்றரை நாளா? சரிங்க.” வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வெறுந்தரையில் அவள் குப்புறக் கிடந்தாள். பை தோளிலேயே இருந்தது. அவர் மெல்லக் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.